மல்பெரிப் பழமும் ஒரு ஃப்ளைதான்

சாதாரணத் தூண்டிலில் எடை முனையில் இருக்கிறது. முள்ளுக்கு மேலே ஈயக் குண்டு கட்டி, மண்புழுவைக் கோத்து வீசினால் குண்டு முன்னே பறக்கும். மெல்லிய தங்கூசி அதன் பின்னால் இழுபட்டுப் போகும். ஃப்ளை ஃபிஷிங்கில் இது தலைகீழ். முனையில் இருப்பது முள்ளில் சுற்றிய கொஞ்சம் இறகும் மயிரும்தான்; அதற்குத்தான் ஃப்ளை என்று பெயர். அதை எவ்வளவு வேகமாக வீசினாலும் காலடியிலேயே விழும். அதனால் எடையை லைனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் பூச்சுப் போட்ட தடித்த லைன் அது. அதன் முதல் 30 அடியை நிறுத்து, எடைக்கேற்ப ஓர் எண் தருவார்கள். 5-ஆம் எண் என்றால் 140 கிரெய்ன், ஏறக்குறைய 9 கிராம். கோலை முதுகுப் பக்கம் வீசி, லைன் பின்னால் முழுக்க நீளும்வரை பொறுத்து, பிறகு முன்னால் வீச வேண்டும். லைன் காற்றில் வளையமாகச் சுருண்டு, விரிந்து, கடைசியில் ஃப்ளையைக் கொண்டுபோய்த் தண்ணீர்மேல் இறக்கும். வீசுவதைவிட, நடுவில் அந்தப் பொறுக்கும் நொடிதான் கைக்குப் படிய நாளாகும்.

இந்த விளக்கத்தில் எந்த மீனின் பெயரும் இல்லை. ஆனாலும் எது ஃப்ளை ஃபிஷிங், எது இல்லை என்று ஒன்றரை நூற்றாண்டாக நடக்கும் சண்டையைக் கிட்டப் போய்ப் பார்த்தால், பாதிக்கு மேல் மீனைப் பற்றியதாகவே இருக்கிறது. எந்த மீனுக்காக வீசுகிறாய், அந்த மீன் அதற்குத் தகுதியானதா என்பதுதான் கேள்வி. எனக்கு இந்தக் கேள்வியே பிடிக்கவில்லை.

சண்டையின் பழைய களம் இங்கிலாந்தின் ஹாம்ஷயர். டெஸ்ட், இட்சன் என்ற இரண்டு ஆறுகள். சுண்ணாம்புப் பாறையில் ஊறி வரும் தண்ணீர். அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம், அவ்வளவு தெளிவு. ஃபிரெடெரிக் ஹால்ஃபோர்ட் 1886-இலும் 1889-இலும் எழுதிய இரண்டு புத்தகங்கள் அந்தக் கரைகளுக்குச் சட்டம்போல ஆகிவிட்டன. ஃப்ளை மிதக்க வேண்டும். மேலே வந்து பூச்சி தின்னும் ட்ரௌட் மீனைக் கண்ணால் கண்ட பிறகே வீச வேண்டும். அதுவும் மீனுக்குக் கீழ்ப்புறம் நின்று நீரோட்டத்துக்கு எதிராக. ஹால்ஃபோர்டின் உழைப்பு எனக்குப் பெரிய மரியாதைக்குரியது. ஆற்றுப் பூச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, நிறத்தையும் இறக்கையையும் பார்த்து அதற்கேற்ற ஃப்ளை கட்டியவர் அவர். அவருக்குப் பின் வந்தவர்கள் அந்த அக்கறையை விட்டுவிட்டு விதியை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

ஜி.ஈ.எம். ஸ்கூஸ் என்ற லண்டன் வழக்கறிஞர் அதே இட்சன் கரையில் நின்று வேறொன்றைப் பார்த்தார். தண்ணீர் மட்டத்தில் அசைவு தெரிகிறது, ஆனால் மீனின் வாய் வெளியே வரவில்லை. இறக்கை முளைக்காத இளம் பூச்சிகளை அது மட்டத்துக்குக் கீழேயே தின்றுகொண்டிருந்தது. ட்ரௌட்டின் உணவில் பெரும்பகுதி தண்ணீருக்குள்தான் கிடைக்கிறது. அந்த இளம்பூச்சியைப்போல ஃப்ளை கட்டி, சற்றே மூழ்கவிட்டுப் பிடிக்கலாம் என்று 1910-இல் எழுதினார். 1938-இல் லண்டன் ஃப்ளைஃபிஷர்ஸ் கிளப்பில் இது முறையா முறையில்லையா என்று ஒரு விவாதமே வைத்தார்கள். ஹால்ஃபோர்ட் இறந்து கால் நூற்றாண்டு ஆகப்போகிறது. ஸ்கூஸ் எண்பதை நெருங்கிவிட்டார். ஓரிரு அங்குல ஆழத்துக்காக அந்த வயதில் ஒரு மனிதரைக் கூண்டில் ஏற்றாத குறையாக நிறுத்தினார்கள். இன்று ஸ்கூஸ் செய்ததை யாரும் கேள்வி கேட்பதில்லை.

ஃப்ளையில் தொடங்கிய இந்தப் பாகுபாடு மீனுக்கும் உண்டு. சால்மனும் ட்ரௌட்டும் பெருமைக்குரிய வேட்டை மீன்கள். ஆற்றில் உள்ள மற்றதெல்லாம் மட்டரகம். இங்கிலாந்தின் ஆற்றுச் சட்டங்களே இரண்டையும் தனித்தனிக் கணக்கில் வைத்திருக்கின்றன. கிரேலிங் என்ற மீன் சால்மன் குடும்பத்தையே சேர்ந்தது, ஃப்ளையை அழகாக எடுக்கும். ஆனால் ட்ரௌட்டின் தீனிக்குப் போட்டி என்று பல ஆறுகளில் அதைப் பிடித்து வெளியேற்றினார்கள். பிறப்பை வைத்து உயர்வு தாழ்வு பார்க்கும் கண் எப்படிப்பட்டது என்று தமிழருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆற்றங்கரையில் அதைப் பார்க்கும்போது எனக்கு உடனே அடையாளம் தெரிகிறது.

நான் வாழும் அமெரிக்காவில் இது இன்னும் வெளிப்படையாக நடந்தது. 1877-இல் அமெரிக்க மீன்வள ஆணையம் ஜெர்மனியிலிருந்து சாதா கெண்டைகளைக் கப்பலில் கொண்டுவந்து, பால்டிமோரின் ட்ரூயிட் ஹில் பூங்காக் குளங்களில் விட்டது. மக்களுக்கு மலிவான உணவு மீன் வேண்டும் என்பது எண்ணம். குஞ்சுகளை ரயிலில் ஏற்றி நாடெங்கும் அனுப்பினார்கள். ஆறே வருடம் கழித்து, 1883-இல், அதே ஜெர்மனியிலிருந்து பிரௌன் ட்ரௌட் முட்டைகள் வந்தன. இரண்டும் ஒரே நாட்டிலிருந்து வந்தவை, இரண்டுமே இந்த ஆறுகளுக்கு அந்நியம். பிரௌன் ட்ரௌட்டைத் தொடக்கத்தில் இங்குள்ளவர்கள் வெறுத்தார்கள். இந்த மண்ணுக்கே உரிய புரூக் ட்ரௌட்டை விரட்டுகிறது என்றார்கள். அந்தக் குற்றச்சாட்டு உண்மையும்கூட. இருந்தும் அது இன்று சுவரில் படம் மாட்டிக்கொள்ளும் மீன். கெண்டையைக் குப்பை மீன் என்கிறார்கள். பிடித்தவுடன் கரையில் வீசி அழுகவிடுபவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அந்த நாற்றம் எனக்குத் தாங்கவே தாங்காது.

நான் இருப்பது பென்சில்வேனியாவில், சஸ்குவஹானா ஆற்றுக்கு அருகே. ஹாரிஸ்பர்க் பக்கம் இந்த ஆறு ஒரு மைல் அகலம் விரியும். கோடையில் பல இடங்களில் முழங்கால் ஆழம்தான். பாறைத் திட்டுகளும் புல் மண்டிய மேடுகளும் நிறைய. இங்கே ஃப்ளை ஃபிஷிங் என்றால் முதலில் ஸ்மால்மௌத் பாஸ் மீன்தான். இதே ஆற்றின் வழிகாட்டி பாப் கிளவுசர் 1980-களில் ஒரு ஃப்ளை கட்டினார். முள்ளின் தண்டில் டம்பெல் வடிவ ஈயக் கண் இரண்டு, மான் வால் மயிர், இடையில் சில மினுக்கு இழைகள். ஈயத்தின் கனத்தால் முள் புரண்டு, முனை மேல்நோக்கி நிற்கும். அதனால் பாறையில் சிக்காது. லைனை இழுத்தால் முன்னே பாயும், விட்டால் தலைகுப்புற இறங்கும். அடிபட்ட குஞ்சு மீன் அப்படித்தான் நீந்தும். தூண்டில் எழுத்தாளர் லெஃப்டி க்ரே இதைப் பிரபலமாக்கியபின், ட்ரௌட்டிலிருந்து கடல் மீன்வரை உலகம் முழுக்க இதில் பிடிக்கிறார்கள். ஈயம் வைத்துக் கட்டியது எப்படி ஃப்ளை ஆகும் என்றும் கேட்டார்கள். கேட்டவர்கள் அதை ஒருமுறை வீசிப் பார்த்திருக்க வேண்டும். அதைச் சுமப்பது லைன்தான். நல்ல வளையம் விழாவிட்டால் அந்த ஈயக் கண் தலையில்தான் வந்து அடிக்கும்.

ஆனால் என் மனம் ஒட்டியிருப்பது கெண்டையில். ஜூன் மாதம் கரையோர மல்பெரி மரங்கள் பழுக்கும். கிளைகள் தண்ணீர்மேல் சாய்ந்திருக்கும்; கீழே உள்ள பாறைகள் ஊதாக் கறையாகக் கிடக்கும். பழம் ‘பொத்’தென்று விழும் சத்தத்துக்கு, சில அடி தூரத்தில் திரியும் கெண்டை சட்டென்று திரும்பும். அவசரப்படாது. பழத்துக்கு நேர் கீழே வந்து, மேலே ஏறி, வெள்ளை உதட்டை வட்டமாகத் திறந்து உறிஞ்சும். பிடிக்கவில்லை என்றால் அடுத்த கணமே துப்பிவிடும். மீசையும் உதடும் அதற்கு நாக்கைப்போல ருசி பார்க்கும்.

இதற்குக் கட்டும் ஃப்ளை மான் மயிர். மான் மயிருக்குள் காற்று உண்டு, அதனால் மிதக்கும். ஒரு சிட்டிகை மயிரை முள்ளில் வைத்து நூலை இறுக்கினால், மயிர் தண்டைச் சுற்றிப் பூவாக விரிந்து நிற்கும். மேலும் மேலும் நெருக்கிக் கட்டி, கத்தரியால் உருண்டையாக வெட்ட வேண்டும். கறுப்புக் கலந்த ஊதா நிறம்; காம்புக்குக் கொஞ்சம் பச்சை நூல். வெட்டி முடித்தால் மேசையெல்லாம் மயிர்த் தூள். கையில் இருப்பது ஒரு பழம்.

இதை மெதுவாக இறக்கக் கூடாது. ட்ரௌட்டுக்கு ஃப்ளை சத்தமில்லாமல் இறங்க வேண்டும் என்று பழக்கிய கை இங்கே வேறு விதமாகப் பழக வேண்டும். பழம் விழும் சத்தம் கேட்டாக வேண்டும். 8-ஆம் எண் லைன், கிளைக்கு அடியில் தாழ்ந்து போகும் வீச்சு, கடைசியில் லேசாக ஒரு தட்டு. கெண்டை திரும்பிவிட்டால் கை நடுங்கும். உதடு மூடியதைக் கண்டபிறகுதான் கோலைத் தூக்க வேண்டும். அதற்கு முன் தூக்கினால் வாயிலிருந்து பறித்துவிடுவோம். முள் ஏறியதும் அது ஆற்றின் நடுவை நோக்கி ஓடும் ஓட்டத்தில், லைன் முழுவதும் ரீலிலிருந்து கழன்று, அடியில் சுற்றியிருக்கும் துணை நூல் வெளியே வரும். இதே ஆற்றில் எந்த ட்ரௌட்டும் எனக்கு அதைச் செய்ததில்லை.

ஹால்ஃபோர்ட் சொன்னதை வைத்தே பாருங்கள். மீனைக் கண்ணால் கண்டபிறகு வீச்சு, அது இப்போது எதைத் தின்கிறது என்று அறிந்து, அதைப்போலவே கையால் கட்டியது, மிதப்பது, ஒரே வீச்சில் சரியான இடத்தில் விழ வேண்டியது. அவர் கேட்ட எல்லாம் இருக்கிறது. பூச்சிக்குப் பதில் பழம், ட்ரௌட்டுக்குப் பதில் கெண்டை, அவ்வளவே. அதே சமயம், மட்டமில்லாத மீன் வேண்டும் என்று ‘ஃப்ளை ஃபிஷிங் மட்டும்’ என அறிவித்த ஓடைகளுக்குப் போகிற சிலர், லைனில் ஒரு வண்ணப் பந்தைக் கட்டி, அது அமிழ்ந்தால் இழுக்கிறார்கள். அதற்கு எந்தப் பெயர் வைத்தாலும் அது தக்கைதான்.

எது ஃப்ளை ஃபிஷிங் என்று வரையறுப்பது விதி எழுதுகிறவர்களுக்கு எளிதல்ல. மெய்ன் மாநிலச் சட்டம், லைனின் எடையே ஃப்ளையைச் செலுத்த வேண்டும் என்று சொல்கிறது. பென்சில்வேனியாவின் ஃப்ளை ஓடைகளில் லைனுக்கு முன்னால் கட்டும் தங்கூசி 18 அடியைத் தாண்டக்கூடாது என்று நெடுங்காலம் விதி இருந்தது. அதன் காரணம் புரியும். கனமான டங்ஸ்டன் மணி வைத்த ஃப்ளையை நீண்ட தங்கூசியில் கட்டி, லைன் கோலின் முனையைவிட்டு வெளியே வராமலே அடியாழத்தில் இழுத்துப் பிடிக்கும் முறை ஐரோப்பியப் போட்டிகளிலிருந்து பரவியிருக்கிறது. அதில் மீன் நிறைய விழும். விரல் நுனியில் ஆற்றின் அடித்தரையை உணரும் நுட்பம் அது; செய்பவர்களை வியந்து பார்த்திருக்கிறேன். ஆனால் அங்கே ஃப்ளையின் எடை தங்கூசியை இழுத்துப் போகிறது. என் கணக்கில் அது வேறொரு தூண்டில், அருமையான தூண்டில். வேறு என்று சொன்னால் கீழ் என்று சொன்னதாக எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பழக்கம்தான் எல்லாச் சண்டைக்கும் வேர்.

ஜப்பானின் டென்காராவில் ரீலே கிடையாது. கோலின் நுனியில் லைனைக் கட்டிவிடுவார்கள். அந்த லைனின் எடையில்தான் ஃப்ளை போகிறது, ஆகவே எனக்கு அதில் ஐயமில்லை. ஏறத்தாழ 1800 ஆண்டுகளுக்கு முன் ஏலியன் என்ற ரோமானிய எழுத்தாளர் மாசிடோனியர்களைப் பற்றி எழுதியதும் ஏறக்குறைய இதுதான்: ஆறடிக் கோல், அதே நீளத்துக்கு நூல், முள்ளில் சிவப்புக் கம்பளியும் இரண்டு சேவல் இறகும்.

மீன்களில் உயர்வு தாழ்வு பார்க்கும் பாகுபாடு நம் பக்கமும் வந்தது. நீலகிரி ஓடைகளில் வெள்ளைக்காரர்களுக்கு ட்ரௌட் இல்லை என்பது பெருங்குறை. 1860-களில் மீனியல் அறிஞர் ஃபிரான்சிஸ் டே அதைக் கொண்டுவர முயன்றார், கைகூடவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவலாஞ்சியில் பொரிப்பகம் கட்டி, ரெயின்போ ட்ரௌட்டை நிலைக்கச் செய்தார்கள். கீழே காவிரியில் மகசீர் காத்துக்கொண்டிருந்தது. சென்னை மாகாண அதிகாரி எச்.எஸ். தாமஸ் 1873-இல் எழுதிய தூண்டில் புத்தகத்தில் அதைக் கொண்டாடினார். மகசீர் கெண்டைக் குடும்பம். இங்கிலாந்தில் மட்டரகம் என்று ஒதுக்கிய அதே குடும்பம். காவிரியில் அதைப் பெரும்பாலும் ராகி உருண்டையில் பிடித்தார்கள். அது ஃப்ளை ஃபிஷிங் அல்ல, அதனால் அந்த மீனுக்கோ பிடித்தவருக்கோ ஒரு குறையும் இல்லை. காவிரிப் படுகையைத் தவிர வேறெங்கும் இல்லாத அந்தக் கூன்முதுகு மகசீர், அழிவின் விளிம்பில் உள்ள இனம் என்று 2018-இல் சிவப்புப் பட்டியலில் ஏறிவிட்டது. இன்னும் அது தென்படும் சில இடங்களில் ஒன்று, அதே நீலகிரியிலிருந்து இறங்கும் மோயாறு. வந்த மீனுக்கு மலையில் பொரிப்பகம் கட்டியவர்கள், இருந்த மீனுக்கு அந்த அக்கறையில் பாதியைக் காட்டியிருக்கலாம்.

எந்த மீனில் தொடங்கலாம் என்று இங்குள்ள தமிழ்ப் பிள்ளைகள் கேட்பார்கள். பக்கத்துக் குளத்தில் புளூகில் இருக்கும், அதில் தொடங்குங்கள் என்பேன். உள்ளங்கை அளவு மீன், சாயங்காலம் கரையோரம் வரும், சின்ன ஸ்பாஞ்சுப் பூச்சியைத் தயங்காமல் எடுக்கும். 5-ஆம் எண் லைனில் இருபது அடி வீசினால் போதும். உரிமச் சீட்டு எடுத்துக்கொள்ளுங்கள், முள்ளின் கொண்டியை நசுக்கிவிடுங்கள், கண்ணாடி போடாமல் வீசாதீர்கள். பின்னால் போன முள் திரும்பும்போது காதை உரசிக்கொண்டுதான் வரும்.