தண்ணீரைத் தவிர்ப்போர்

சென்னை கண்விழிக்குமுன்னரே தூய்மைப் பணியாளரின் துடைப்பம் தெருவில் இறங்கிவிடுகிறது. அவர்தம் நலங்காக்கக் கையுறை வழங்குகின்றனர். மருத்துவ முகாமும் நடத்துகின்றனர். தரம் பிரிக்காத குப்பையில் உடைந்த கண்ணாடியும் ஊசியும் மறைந்து கிடக்கும். மெல்லிய கையுறை அவற்றைத் தாங்காது. தடித்ததோ வெயிலில் வியர்த்து விரல்களை ஊறவைக்கும். கழற்றி வைத்தால் பழி பணியாளர்மீதே விழும்!

பெண்களின் துயர் இன்னும் மறைவானது. கழிப்பறைக்கு வழியில்லாத தெருக்களில் பெருக்குவோர் பலர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கின்றனர். சிறுநீர்ப்பாதைத் தொற்றுக்கு அது இடந்தருகிறது. ‘நிறையத் தண்ணீர் பருகுங்கள்’ என்னும் முகாம் மருத்துவரின் அறிவுரை நூலுக்குப் பொருந்தும், அத்தெருவுக்குப் பொருந்தாது. அவ்வறிவுரைக்கு முன்னர் அங்கே தாழிடத்தக்க கழிப்பறை ஒன்று எழ வேண்டும். முகாமும் பணிநேரத்திலேயே நடைபெறுதல் நன்று. நாட்கூலி பெறுவோர்க்கு, மருத்துவரைக் காணக் காத்திருக்கும் பொழுதும் கூலி இழக்கும் பொழுதே.