இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை

பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோனவருக்கு உடை மாற்றும்போது, செயலிழந்த கையைத்தான் முதலில் சட்டைக்குள் நுழைக்க வேண்டும். கழற்றும்போது அந்தக் கை கடைசி. இது தெரியாமல் நல்ல கையில் முதலில் மாட்டிவிட்டுத் தொய்ந்து கிடக்கும் கையைப் பின்னால் வளைத்து இழுத்தால் தோள்மூட்டே நழுவிவிடலாம். பேச்சும் போயிருந்தால் அந்த வலியை அவரால் சொல்லவும் முடியாது.

இதை எனக்குச் சொன்னவர் போளூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சென்னைக்கு வந்து, மேற்கு மாம்பலத்தில் ஒரு வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண். நோயாளி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. மூக்குக் குழாய் வழியாகத்தான் சாப்பாடு. நான் போன காலையில் அறைக் கதவு சாத்தியிருந்தது. "தொடச்சு முடிச்சிடறேன் மேடம், கொஞ்சம் வெளியில இருங்க. அம்மாவுக்குக் கூச்சமா இருக்கும்" என்று உள்ளிருந்து குரல் வந்தது. ஹாலில் உட்கார்ந்திருந்த மகள், "நாங்க உள்ள போறதா இருந்தாலும் தட்டிட்டுத்தான் போகணும். அக்கா போட்ட சட்டம்" என்றார். முன்பு ஆஸ்பத்திரியில் தாயின் உடம்பை வார்டே பார்க்கும்படி துணியை விலக்கிப்போட்டுத் துடைத்ததைச் சொல்லும்போது அவருக்குக் குரல் கம்மியது. ஆயிரம் பிள்ளைகளை மைதானத்தில் வரிசையாக நிற்க வைத்தவர் அந்த அம்மா. அவருக்கு முதலில் திரும்பக் கிடைக்க வேண்டியது மானம் என்பதை அந்த அக்கா யாரும் சொல்லாமலே தெரிந்துவைத்திருந்தார்.

கதவு திறந்த பிறகு நான் பார்த்தது தோலைப் படிக்கும் வித்தை. ஒரே நிலையில் கிடக்கும் உடம்பில் எலும்பு மேடாக இருக்கும் இடமெல்லாம் மெத்தையில் அழுந்தும். வால் எலும்பு, இடுப்பின் இரு பக்கம், குதிகால், தோள்பட்டை, ஏன், காது மடலும்கூட. அழுந்தும் இடத்துக்கு ரத்தம் போகாது, சதை உள்ளுக்குள் அழுகத் தொடங்கும். அதனால்தான் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்கிறார்கள். வெறுமனே உருட்டிவிடுவதில்லை. அடியில் விரித்திருக்கும் மடித்த பெட்ஷீட்டைப் பிடித்துத் தூக்கி நகர்த்துகிறார், தோல் உரசி உரியக் கூடாது என்று. முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்துச் சற்றுச் சாய்வாக நிறுத்துகிறார். இரண்டு முட்டிக்கும் நடுவே ஒன்று, கெண்டைக்கால் அடியில் ஒன்று. குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்கிறது. பிறகு, அதுவரை அழுந்தியிருந்த இடத்தில் தோல் நிறம் மாறியிருந்தால் விரலால் அழுத்திப் பார்க்கிறார். அழுத்தியதும் வெளுத்துப் பழைய நிறத்துக்குத் திரும்பினால் நல்லது. வெளுக்காவிட்டால் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். "நம்ம கறுப்புத் தோல்ல செவப்பு தெரியாது மேடம். தொட்டுத்தான் பாக்கணும். சுடும், இல்லாட்டி கட்டியா இருக்கும்." ஏர் பெட் வாங்கிவிட்டோமே, திருப்ப வேண்டாம் என்று நினைக்கிற வீடுகள் ஏராளமாம். ஏர் பெட் அழுத்தத்தைக் குறைக்கும், திருப்பும் வேலையைச் செய்யாது.

சாப்பாடு கொடுப்பது அதைவிட நுணுக்கம். தலைப்பக்கத்தை நன்றாக உயர்த்திவிட்டு, குழாயில் மூக்கை ஒட்டிப் போட்டிருக்கும் அடையாளம் இடம் மாறியிருக்கிறதா என்று பார்க்கிறார். மாறியிருந்தால் சொட்டுத் தண்ணீர்கூட விடமாட்டார். கஞ்சியை மெல்லிய வடிகட்டியில் வடித்து, ஊசியில்லாத பெரிய சிரிஞ்சில் ஊற்றி, கையை உயரத் தூக்கிப் பிடித்துத் தானாக இறங்க விடுகிறார். அவசரப்பட்டுத் தள்ளினால் எதுக்களித்து நுரையீரலுக்குள் போகும். அதன்பின் நிமோனியா. இருமல் வந்தால் நிறுத்திவிட வேண்டும். முடிந்ததும் குழாயைத் தண்ணீரால் கழுவிவிட்டு, அரை மணி நேரமாவது படுக்க வைக்காமல் சாய்த்தே வைத்திருக்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதினார்: கொடுத்த அளவு, நேரம், எந்தப் பக்கம் திருப்பியது, யூரின் பேக்கில் எவ்வளவு, என்ன நிறம். அந்த பேக் எப்போதும் இடுப்புக்குக் கீழேதான் தொங்க வேண்டும், மேலே தூக்கினால் சிறுநீர் திரும்பிப் போய்க் கிருமி சேரும். அந்த வீட்டுக்கு வரும் டாக்டர் வந்ததும் முதலில் கேட்பது அந்த நோட்டைத்தான்.

இவ்வளவு தெரிந்தவர், தெரிந்தும் செய்யாத வேலைகளும் உண்டு. குழாய் கழன்றுவிட்டால் அவர் திரும்பப் போடமாட்டார். ஊசி, டிரிப்ஸ், கதீட்டர் மாற்றுவது எதையும் தொடமாட்டார். அது நர்ஸ் வேலை. பணத்தை மிச்சம் பிடிக்க "நீங்களே போட்டுடுங்களேன்" என்று வீட்டுக்காரர்கள் கெஞ்சுவதுண்டாம். அந்த இடத்தில் முடியாது என்று சொல்லத் தெரிந்தவரே நல்ல அட்டெண்டர் என்பது என் தீர்மானமான கருத்து.

ஆள் எப்படிக் கிடைக்கிறார்? பெரும்பாலான குடும்பங்கள் டிஸ்சார்ஜ் அன்று மதியம்தான் தேடவே ஆரம்பிக்கின்றன. இந்த மகளும் அப்படித்தான் தவித்தார். முதலில் ஓர் ஏஜென்சி அனுப்பிய பெண்ணுக்குக் குழாய் வழியாகச் சாப்பாடு கொடுத்துப் பழக்கமே இல்லை. முன்பணம் போனது, மாற்று ஆள் வரவில்லை. அக்கா கிடைத்தது, ஆஸ்பத்திரி வார்டு நர்ஸ் ஒருவர் சொல்லி. அந்த மகள் பட்டதிலிருந்தும் நான் மற்ற வீடுகளில் கேட்டதிலிருந்தும் சொல்கிறேன். டிஸ்சார்ஜுக்கு முன்பே டாக்டரிடம், வீட்டில் நர்ஸ் வேண்டுமா, அட்டெண்டர் போதுமா என்று கேட்டுவிடுங்கள். செய்ய வேண்டிய வேலைகளை ஒரு தாளில் எழுதி, வருகிறவரை வார்டுக்கே வரவழைத்து நர்ஸ் முன்னால் செய்துகாட்டச் சொல்லுங்கள். இந்தத் தொழிலுக்கென்றே ஹெல்த்கேர் செக்டர் ஸ்கில் கவுன்சில் வகுத்த பாடத்திட்டங்கள் இருக்கின்றன, 'ஜெனரல் டியூட்டி அசிஸ்டன்ட்', 'ஹோம் ஹெல்த் எய்ட்' என்ற பெயர்களில். சான்றிதழ் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் முன்பு வேலை பார்த்த இரண்டு வீடுகளுக்குப் போன் செய்து கேளுங்கள். ஆதார் நகல் வாங்குங்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணைய சேவையில் வீட்டுப் பணியாளர் குறித்த சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம். ஏஜென்சியிடம் தயங்காமல் கேளுங்கள்: நாங்கள் கொடுப்பதில் அவர் கைக்கு எவ்வளவு போகும்? அவர் ஊருக்குப் போனால் யார் வருவார், எத்தனை நாளில் வருவார்? அட்டெண்டரிடம் சமையலும் பாத்திரமும் சேர்த்துச் சுமத்துகிற வீட்டில் யாரும் நிலைப்பதில்லை. அடுப்பில் கவனம் இருக்கும்போது நோயாளி கட்டிலிலிருந்து விழுந்தால் யாரை நோவது?

பணம் கொடுத்து ஆள் வைக்க முடியாத வீடுகளே தமிழ்நாட்டில் அதிகம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' அந்த வீடுகளின் வாசலுக்குப் போகிறது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளைக் கொண்டுவரும் பெண் தன்னார்வலர்களைப் பலருக்கும் தெரியும். படுக்கையில் இருப்பவர்களுக்கென்று நோய்த்தணிப்பு நர்ஸும் பிசியோதெரபிஸ்ட்டும் வருவது பலருக்குத் தெரிவதில்லை. உத்திரமேரூர்ப் பக்கம் அப்படி ஒரு நர்ஸோடு நானும் போனேன். ஓட்டு வீட்டுத் திண்ணையில் கயிற்றுக் கட்டிலில் கிடந்த பெரியவருக்கு வால் எலும்பில் புண். கட்டை அவிழ்த்துச் சுத்தம் செய்ததைவிட, அவருடைய மருமகளுக்குத் திருப்பிப் படுக்க வைக்கக் கற்றுக்கொடுக்கத்தான் நர்ஸ் அதிக நேரம் செலவிட்டார். "நான் போயிட்டா நீதாம்மா நர்ஸு. மாமாவ இப்பிடித் திருப்பு, பழைய புடவைய மடிச்சு முதுகுக்கு அணை கொடு." அந்த மருமகள் நூறு நாள் வேலைக்குப் போய் வந்து, மாட்டைக் கட்டிவிட்டு, இதையும் செய்கிறார். அவருக்கு யாரும் சம்பளம் தரப்போவதில்லை. இந்தத் திட்டத்தில் சேர உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னால் போதும். 104-ஐயும் அழைக்கலாம். முதியோருக்கான உதவிகளுக்கும் புகார்களுக்கும் 14567 என்ற எண் இருக்கிறது. ஆனால் அரசு நர்ஸ் வந்து போகிறவர். இரவு பன்னிரண்டு மணிக்குத் திருப்பிப் படுக்க வைக்க வீட்டில் ஒருவர் விழித்திருந்தாக வேண்டும்.

விழித்திருப்பது யார் என்பதுதான் இந்தத் தொழிலில் யாரும் பேசாத விஷயம். '24 மணி நேர டூட்டி' என்று ஏஜென்சி சொல்கிறது, நாமும் சரி என்கிறோம். இரவு பத்துக்கு ஒரு முறை, பன்னிரண்டுக்கு, இரண்டுக்கு, நாலுக்கு என்று எழுந்து திருப்புகிற ஒருவரால் பகலிலும் குழாயின் அடையாளத்தைக் கவனிக்க முடியுமா? முந்தைய வீட்டில் அக்காவுக்குப் படுக்க இடம் சமையலறைத் தரை. அங்கே ஒரு நாள் மதியம் கஞ்சி கொடுத்துக்கொண்டிருக்கும்போதே கண் செருகிவிட்டதாம். நல்லவேளை, எதுவும் ஆகவில்லை. அன்றைக்கே வேலையை விட்டுவிட்டார். "என்னால ஒருத்தர் போயிடக் கூடாது மேடம்" என்றார்.

மாம்பலத்து வீட்டில் வேறு ஏற்பாடு. இரவு பத்து மணிக்கு அம்மாவைத் திருப்பிவிட்டு அக்கா பக்கத்து அறையில் கட்டிலில் படுத்துவிடுகிறார். பன்னிரண்டு மணிக்கும் இரண்டு மணிக்கும் பேரன் எழுந்து திருப்புகிறான். கல்லூரியில் படிக்கிற பையன், அக்காவிடம் கற்றுக்கொண்டான். நாலு மணிக்கு அக்கா எழுந்துகொள்கிறார். வாரத்தில் ஒரு நாள் லீவு, அன்று மகள் பார்த்துக்கொள்கிறார். நான் போனபோது அம்மாவின் முதுகில் ஒரு சிறு புண்கூட இல்லை.

வீட்டுப் பணியாளர்களுக்குத் தமிழ்நாட்டில் 2007 முதல் நல வாரியம் இருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வீட்டுக்குள் வேலை செய்யும் பெண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறது, மாவட்டக் குழுவில் புகார் கொடுக்கலாம். ஆனால் எத்தனை மணி நேரம் வேலை, எப்போது தூக்கம் என்பதை இன்றும் அந்தந்த வீடுதான் தீர்மானிக்கிறது. எனவே ஆள் வைக்கப்போகும் ஒவ்வொரு குடும்பத்தையும் கேட்டுக்கொள்கிறேன்: சம்பளம் பேசுவதற்கு முன்னால், வருகிறவர் எங்கே படுப்பார், எத்தனை மணி நேரம் தொடர்ந்து தூங்குவார், அந்த நேரத்தில் உங்களில் யார் எழுந்து திருப்பப்போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள். எழ ஆளில்லை என்றால் இரவுக்கென்று இன்னொருவரை வையுங்கள்.