துய்மா வீதிக்கு ஒரு சத்தம், ஈசிஆருக்கு ஒரு சத்தம்

புதுச்சேரி காமராஜர் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது அந்தக் கார் ஆடியோ கடை. வாசலில் பழைய ஸ்விஃப்ட் ஒன்று நான்கு கதவும் திறந்தபடி நின்றது. வண்டிக்காரர் புகார் சொல்லிக்கொண்டிருந்தார்: "வீட்டு வாசல்ல நல்லாத்தான் கேக்குதுண்ணே. ஈசிஆர் ஏறி சத்தத்தக் கூட்டினா பாட்டே புரியல. டம் டம்னு இடிக்குது, காது எரியுது."

கடைக்காரர் செட்டின் திரையைப் பார்த்தார். லவுட்னஸ் 'ஹை'. ஈக்வலைஸர் 'பவர்ஃபுல்'. அதற்கு மேல் பேஸ் கூடுதலாக ஆறு டெசிபல். "ஒரே தலைவலிக்கு மூணு மாத்திர போட்டிருக்கீங்க தம்பி" என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். பாட்டு சட்டென்று சப்பென்று ஆனது. வண்டிக்காரர் முகமும்.

லவுட்னஸ் பட்டன் வந்ததே நம் காதின் குறைக்காகத்தான். சத்தம் குறைவாக இருக்கும்போது அடித்தொனி நமக்குச் சரியாகக் கேட்காது. ஹார்வி ஃப்ளெட்சர், வில்டன் மன்சன் என்ற இருவர் 1933-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்திலிருந்து இதை அளந்து வெளியிட்டார்கள். 2003-இல் வந்த ஐஎஸ்ஓ 226 கணக்குப்படி, 1000 ஹெர்ட்ஸ் ஒலி 40 டெசிபலில் கேட்கும் அளவுக்கு 63 ஹெர்ட்ஸ் ஒலியும் கேட்க வேண்டுமானால், அதற்கு ஏறத்தாழ 33 டெசிபல் கூடுதலாகத் தர வேண்டும். அதே 1000 ஹெர்ட்ஸ் 80 டெசிபலுக்கு ஏறிவிட்டால், சுமார் 18 கூடுதல் போதும். ஆக, மெதுவாகப் பாடும்போது பேஸையும் ஓரளவு டிரெபிளையும் தூக்கிக் கொடுப்பதுதான் லவுட்னஸின் வேலை. வால்யூம் ஏற ஏற அது ஒதுங்கிக்கொள்ள வேண்டும். நல்ல செட்டில் தானாகவே ஒதுங்கும். மற்றதில் நாம்தான் அணைக்க வேண்டும், யாரும் அணைப்பதில்லை.

ஈக்வலைஸர் காதுக்கானது அல்ல, வண்டிக்கானது. கண்ணாடி, டேஷ்போர்டு, சீட், கதவுத் தகடு என்று ஒவ்வொன்றும் ஒலியில் ஏதோ ஒரு பகுதியை ஏற்றும், ஏதோ ஒன்றை விழுங்கும். கடைக்காரர் தன் போனிலிருந்து 'ஸ்ஸ்ஸ்' என்ற பிங்க் நாய்ஸை ஓடவிட்டார். இன்னொரு போனை டிரைவர் தலை இருக்கும் உயரத்தில் பிடித்தார். திரையில் பட்டைகள் ஏறி இறங்கின. எந்த ஒலியையும் பல அதிர்வெண்களின் கூட்டாகப் பிரித்துக் காட்டும் கணக்கு ஃபூரியே என்ற பிரெஞ்சுக்காரருடையது. இந்தக் கணக்கோடு வெப்பத்தைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1822-இல் பாரிஸில் வெளிவந்தபோது புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில்தான் இருந்தது. கடைக்காரருக்கு அவரைத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

125 ஹெர்ட்ஸில் ஒரு மேடு, 3150-இல் இன்னொன்று. கடைக்காரர் இடது கதவு டோர் பேடில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார், அதிர்வு நின்றது. கையை எடுத்தார், மறுபடி 'கிர்ர்'. பேடைக் கழற்றிப் பார்த்தால், பவர் விண்டோ ஒயர் தகட்டில் தட்டிக்கொண்டிருந்தது. ஒரு துண்டு ஃபோம் டேப் சுற்றியதும் பாதி மேடு போயே போய்விட்டது! இதை எந்த ஈக்வலைஸராலும் சரிசெய்திருக்க முடியாது. மிச்சத்துக்கு 125-இல் மூன்று குறைத்தார், 3150-இல் இரண்டு. எதையும் ஏற்றவில்லை.

ஏன் ஏற்றவில்லை என்று கேட்டேன். "செட்டு மேல 50 வாட்டுன்னு போட்டிருப்பான் சார். பேட்டரி கரண்ட்ல ஒரு ஸ்பீக்கருக்கு விடாம வர்றது இருபதுக்குள்ளதான்." இதற்குமேல் கணக்கை நாமே போட்டுக்கொள்ளலாம். ஆறு டெசிபல் ஏற்றினால் நான்கு மடங்கு வாட் வேண்டும், பத்து ஏற்றினால் பத்து மடங்கு. ஐந்து வாட்டில் ஓடும் பேஸை ஆறு தூக்கினாலே இருபது வாட்டும் தீர்ந்துவிடும். அதற்குமேல் ஆம்ப் அலையின் தலையை வெட்டித்தான் அனுப்பும். அப்படி வெட்டுப்பட்ட ஒலிதான் காதை எரிக்கிறது, ட்வீட்டரையும் கருக்குகிறது. கதவு ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகாதபடி ஹை-பாஸ் ஃபில்டரையும் போட்டார்.

ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார்கள், நானும் பின் சீட்டில் ஏறிக்கொண்டேன். வாய்க்காலைத் தாண்டி வெள்ளை நகரம், துய்மா வீதி. வண்டி இருபதில் ஊர்ந்தது. ஒரு கச்சேரிப் பதிவு, பேச்சுக்கு இடைஞ்சல் இல்லாத அளவில். மிருதங்கத்தின் வலந்தலை மட்டும் கேட்டது, அடித்தொனி தரும் தொப்பியைக் காணோம். லவுட்னஸைப் போட்டதும் தொப்பியின் 'தோம்' மேலே வந்தது, பாட்டுக்காரர் குரல் இருந்த இடத்திலேயே இருந்தது. இந்தப் பட்டன் இதற்குத்தான்.

ராஜீவ் காந்தி சிலை தாண்டி ஈசிஆர். பொம்மையார்பாளையத்தில் தமிழ்நாடு, காலாப்பட்டில் மறுபடி புதுச்சேரி. நடுவில் எண்பதில் போகும்போது டயர் இரைச்சல் வண்டிக்குள் நிறைந்தது. வண்டிக்காரர் வழக்கம்போல் வால்யூமைக் கூட்டினார். தொப்பி வீங்கிக் குரலை மூடியது. கடைக்காரர் லவுட்னஸை அணைத்தார். சாகித்யம் சொல் சொல்லாகப் புரிந்தது, ஆனால் பேஸ் கொஞ்சம் மெலிந்தது. இதை அவர் மறுக்கவில்லை. டயர் இரைச்சலும் அடித்தொனிதான், அது பாட்டின் பேஸைத் தின்னத்தான் செய்யும். 100 ஹெர்ட்ஸ் பக்கம் இரண்டே இரண்டு ஏற்றினார். ஏசி விசிறியை ஒரு படி குறைக்கச் சொன்னார், டிரெபிளைத் தொடாமலே ஜால்ரா தெளிந்தது.

இரண்டு அமைப்பையும் செட்டிலேயே சேமித்துக் கொடுத்தார். 1-ஐ அழுத்தினால் ஊருக்குள்: லவுட்னஸ் உண்டு. 2-ஐ அழுத்தினால் ஈசிஆர்: லவுட்னஸ் இல்லை. வண்டிக்காரரின் அடுத்த கேள்வி சப்-வூஃபர் என்ன விலை என்பது.