கோணல் கூடத்தில் ஓர் ஆட்டம்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இப்பழமொழியைச் சொல்லி என்னை நகையாடாத நண்பர் எங்கள் இயற்பியல் துறையில் ஒருவரும் இல்லை. ஆனால், அன்பர்களே, என் கூடம் மெய்யாகவே கோணல்தான்! அதில் நான் ஆடிய கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

என் தந்தையார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மும்பைக்குப் பிழைக்க வந்தவர். தாராவியில் விடியுமுன் இட்லி அவித்து, பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக விற்பவர். காவலாளிகளும் கடைச் சிப்பந்திகளும் மாதக் கணக்கில் வாங்குவார்கள். கணக்கு முழுவதும் ஒரு நோட்டில் இருந்தது. சென்ற ஆண்டு மழையில் அந்த நோட்டு ஊறி, மை கரைந்து போயிற்று. பலர் நேர்மையாகக் கொடுத்தனர். சிலர் பாதிதான் சொன்னார்கள். அப்பா யாரையும் குறை கூறவில்லை. அன்றிரவு மட்டும் சரியாகச் சாப்பிடவில்லை.

கைப்பேசியில் கணக்கு வைக்க ஒரு செயலி எழுதித் தருவதென்று முடிவு செய்தேன். கடன் கணக்குச் செயலிகள் சந்தையில் உண்டு. ஆயினும் அவற்றில் அப்பாவுக்கு வேண்டாதவையே மிகுதி. அவருக்கு வேண்டியது பெயர், எண்ணிக்கை, பாக்கி ஆகிய மூன்றே.

என்னிடம் இருந்ததோ, ஊரில் ஆச்சி வீட்டில் தங்கிப் படித்த அக்காளுக்கு 2012-இல் தமிழக அரசு விலையின்றி வழங்கிய மடிக்கணினி. அதன் இயங்குதளம் விண்டோஸ் 7. அதற்கான பொது ஆதரவு 2020 ஜனவரி 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. இன்றைய ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவோ 64 பிட் விண்டோஸ் 10-ஐயும், குறைந்தது 8 ஜி.பி. நினைவகத்தையும் கேட்கிறது. என் கணினியில் இருந்தது 2 ஜி.பி.!

இதைக் கேட்ட அப்பா, “அம்மா சங்கிலிய அடகு வச்சுப் புதுசு வாங்கிக்கலாம்ல” என்றார். இட்லிக் கணக்கைக் காப்பதற்காக, இட்லி விற்றுச் சேர்த்த சங்கிலியை இழப்பதா? என் மனம் ஒப்பவில்லை.

லாமிங்டன் சாலையில் பழைய நினைவகத் துண்டு ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். பெரிய மென்பொருளை ஒதுக்கிவிட்டு, ஜாவா 8-ஐயும் பழைய கட்டளைவரிக் கருவிகளையும் மட்டும் நிறுவினேன். நோட்பேடில் எழுதினேன். கணக்கைச் சேமிக்க வெளியிலிருந்து ஒன்றும் தேடவில்லை. எஸ்கியூலைட் என்னும் தரவுத்தளம் ஆண்ட்ராய்டுக்குள்ளேயே இருக்கிறது. 2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9-ஐக் குறியாக வைத்துச் செயலியைக் கட்டினேன். பழைய பதிப்புக்கு எழுதியதைப் புதிய கைப்பேசியும் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும் என்பதே என் துணிவுக்குக் காரணம்.

கணினிக்குள்ளேயே போலிக் கைப்பேசியை ஓட்டிச் சோதிக்கும் வசதி எனக்கு வாய்க்கவில்லை. ஆகவே யுஎஸ்பி கம்பியில் அப்பாவின் கைப்பேசியையே இணைத்துச் சோதித்தேன். முதல் நாளே தோல்வி! அவர் எழுத்துகளைப் பெரிதாக்கி வைத்திருந்ததால் ‘சேமி’ என்னும் பொத்தான் திரைக்குக் கீழே போய்விட்டது. ஈர விரலால் தொட்டால் வேறு பெயர் திறந்தது. பொத்தானை மேலே ஏற்றினேன். பெயர்களுக்கிடையே இடைவெளி விட்டேன். போலிக் கைப்பேசிக்கு ஈர விரல் ஏது?

இதனால் பழைய கணினியே போதும் என்று நான் வாதாடுவதாக எண்ணிவிடாதீர்கள். அதன் எல்லையை மறைப்பது பொய்யாகும். பாதுகாப்புத் திருத்தங்கள் வாராத கணினி அது. அதில் நான் வங்கிக் கணக்கைத் திறப்பதில்லை. வேலை இல்லாதபோது இணையத்தைத் துண்டித்து வைக்கிறேன். என் செயலியைப் பிளே ஸ்டோரிலும் வெளியிட முடியாது. 2025 ஆகஸ்ட் 31 முதல் புதிய செயலிகள் ஆண்ட்ராய்டு 15-ஐக் குறியாகக் கொண்டிருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. செயலிக்கான கையொப்பச் சாவியைத் தனியே ஒரு பென்டிரைவிலும் வைத்திருக்கிறேன். சாவி தொலைந்தால் பழைய செயலியின் மேல் புதியதை ஏற்ற முடியாது. பழையதை நீக்கினால் அதிலுள்ள கணக்கும் போய்விடும். நோட்டு நனைந்த வீட்டில் அதே தவறு இரண்டாம் முறை நிகழலாமா? லினக்சுக்கு மாறிவிடு என்கிறார் நண்பர். நல்ல யோசனைதான், தேர்வு முடிந்ததும், அக்காளின் படங்களைப் பத்திரப்படுத்திவிட்டு மாறப் போகிறேன்.

கூடம் கோணல் என்று நொந்துகொண்டிருந்தால் ஆட்டம் நடந்திராது. கோணலே இல்லை என்று ஆடியிருந்தால் கால் இடறியிருக்கும். எந்த மூலை எவ்வளவு கோணல் என்று அளந்து தெரிந்துகொண்டதே நான் கற்ற பாடம். ஆய்வுக்கூடத்தில் கருவியின் பிழையை முதலில் குறித்துக்கொள்ளச் சொல்வார்களே, அதன் பொருள் எனக்கு வீட்டில்தான் விளங்கிற்று.

சென்ற மாதக் கடைசியில் அப்பா கைப்பேசியைப் பார்த்து ஒவ்வொரு பெயராகப் படித்தார். பிறகு வழக்கம்போல் விரல்விட்டு ஒருமுறை எண்ணிப் பார்த்தார்.

“சரியாத்தாம்ல இருக்கு” என்றார்.

உள்ளே அம்மா மறுநாளைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். கழுத்தில் சங்கிலி இருந்தது.