டேலி ஆனால் தலைவலி!

பி.காம். படித்தவனுக்குக் கால்பந்து சுலபமாகப் புரியும். குறிப்பாக, இரண்டு ஆட்டமாக நடக்கும் போட்டி. முதல் ஆட்டத்தில் விழுந்த கோல், இரண்டாவதுக்கு 'முன்பாக்கி'. கடைசியில் கூட்டிப் பார்ப்பார்கள். ஒரே வித்தியாசம்... கணக்கு டேலி ஆனால் நமக்கு சந்தோஷம். அவர்களுக்குத் தலைவலி. பெனால்டி வரை போகும்!

2016 டிசம்பர். செல்லாத நோட்டோடு ஊரே பாங்க் வாசலில் நின்ற சமயம். எனக்குக் கல்யாணமான புதுசு. மாமனார் ஊர், சாத்தூர் பக்கம் அச்சங்குளம். பட்டாசு ஆலையில் மருந்து கலக்கிற வேலை அவருக்கு. நானும் அவரும் ஒரே அறையில் உட்கார்ந்தால், ஃபேன் மட்டும்தான் பேசும்.

18-ம் தேதி, ஞாயிறு. கொச்சியில் ஐ.எஸ்.எல். இறுதி ஆட்டம். டி.வி. முன்னால் உட்கார்ந்து, நானாகவே கதையை ஆரம்பித்தேன். "அரையிறுதியில கேரளா கொச்சியில 1-0 ஜெயிச்சது மாமா. டெல்லிக்குப் போய் 2-1 தோத்தது. கூட்டினா 2-2. பெனால்டியில கேரளா 3-0!"

"டெல்லிக்காரங்க ஒருத்தர்கூட போடலையா மாப்ள?"

அட, மாமனார் பேசிவிட்டார்! எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. நேரே தென் அமெரிக்காவுக்கே போய்விட்டேன். 2008, கோபா லிபர்டடோரஸ் இறுதி. முதல் ஆட்டத்தில் ஈக்வடாரின் கீட்டோ அணி 4-2. மரகானாவில் பிரேசிலின் ஃப்ளுமினென்ஸ் 3-1. அந்த மூன்று கோலும் தியாகோ நெவெஸ் ஒருவரே அடித்தது. மொத்தம் 5-5. பெனால்டி வந்தது. அதே நெவெஸ் உதைத்ததை கோல்கீப்பர் செவாயோஸ் தடுத்துவிட்டார்! கோப்பை ஈக்வடாருக்கு. (2019 முதல் அங்கே இறுதியை ஒரே ஆட்டமாக்கிவிட்டார்கள்.)

இதற்குள் கொச்சியில் கேரளா 1, கொல்கத்தா 1. மறுபடி பெனால்டி! கொல்கத்தாவின் ஹியூம் உதைத்தது தடுக்கப்பட்டதும் துள்ளிக் குதித்தேன். அப்புறம் கேரளாவின் என்டோய் மேலே தூக்கி அடித்தார். ஹெங்பார்ட் உதைத்ததை தேப்ஜித் தடுத்தார். ஜுவல் ராஜா முடித்து வைத்தார். கொல்கத்தா 4-3. மஞ்சள் சட்டை போட்ட ஸ்டேடியமே மௌனம்.

"விட்டவங்களை என்ன மாப்ள செய்வாங்க?"

"என்ன செய்வாங்க, திட்டுவாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் மாமா."

எத்தனை சோப்பு போட்டாலும் போகாத, நகக்கண்ணில் ஏறிய சாம்பல் நிறத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கால் தப்புனாலும் வீட்டுக்கு வந்துரலாம்னா, நல்ல வேலைதான் மாப்ள."

அவர் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

2021 பிப்ரவரி 12. அச்சங்குளம் பட்டாசு ஆலையில் வெடிவிபத்து என்று டி.வி.யில் ஓடியது. அந்த விபத்தில் 20 பேருக்கு மேல் போய்விட்டார்கள். மாமனார் வேலை பார்த்தது வேறு ஆலை. அது எனக்குத் தெரியும். என் கைக்குத் தெரியவில்லை. போனில் நம்பரைத் தப்புத் தப்பாக அழுத்தியது. முக்கால் மணி நேரம் கழித்துத்தான் எடுத்தார்.

"இருக்கேன் மாப்ள."

இப்போது வேலையை விட்டுவிட்டார். போகும்போதெல்லாம் சேர்ந்து மேட்ச் பார்க்கிறோம். யாராவது பெனால்டியைக் கோட்டைவிட்டால் நான் திட்ட வாயெடுப்பேன். அவர் கையமர்த்துவார்.

"விடுங்க மாப்ள. வீட்டுக்குப் போய் சாப்பிடட்டும்."