கூட நிக்கறவங்களையும் கொஞ்சம் பாருங்க

1/
கேஷுவாலிட்டியில வேலை பார்க்கற எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்வாங்க: சில நாள் அடிபட்டவரை விட, அவரைக் கூட்டிட்டு வந்தவருக்குத்தான் அதிகத் தையல் விழும். சிரிக்காதீங்க. எனக்கு அப்படி ஒரு கேஸ் இருக்கு. தப்பு என்னோடது. அதனாலதான் இந்த நீளமான இழை.

2/
திருமழிசை தொழிற்பேட்டையிலிருந்து ரெண்டு பேர் வந்தாங்க. அண்ணன் தம்பி, ஒரே பட்டறை. தம்பிக்கு பவர் பிரஸ்ல ஆள்காட்டி விரல் நுனி நசுங்கியிருந்தது. எலும்பு தப்பிச்சது, நகம் போச்சு. அன்னைக்கு ஆள் பத்தலை. அண்ணன்கிட்ட "கையை அசையாம பிடிச்சுக்கோங்க"ன்னு சொல்லிட்டு, விரல் மரத்துப்போக ஊசி போட ஆரம்பிச்சேன்.

3/
அண்ணன் சிலை மாதிரி நின்னார். ஒரு அசைவு இல்லை. 'தைரியமான ஆளு'ன்னு நினைச்சேன். ரெண்டாவது ஊசி உள்ள போறப்ப ஒரு கொட்டாவி விட்டார். நைட் ஷிஃப்ட் முடிச்ச அலுப்புன்னு விட்டுட்டேன். அடுத்த நிமிஷம் தொப்புன்னு ஒரு சத்தம். விழற வழியில டிராலி முனை நெத்தியில பட்டிருந்தது. தம்பிக்கு நாலு தையல். அண்ணனுக்கு புருவத்துக்கு மேல ஆறு.

4/
அவர் உடம்பு முன்கூட்டியே சொல்லிடுச்சு. நான்தான் கவனிக்கலை.
'சும்மா நிக்கறேன்'னு சொல்றோமே, சும்மா நிக்கவே முடியாது. நிக்கற உடம்பு முன்னாடி, பின்னாடின்னு எப்பவும் லேசா ஆடிக்கிட்டே இருக்கும். கண், உள்காது, பாதம், கணுக்கால் எல்லாம் அனுப்பற தகவலை வெச்சு மூளை அதை நொடிக்கு நொடி சரிபண்ணும். எழுந்து நின்ன உடனே அரை லிட்டருக்கும் மேல ரத்தம் வயிறு, கால் பக்கம் இறங்கிடும். அதை மறுபடி மேல தள்ளறதுல கெண்டைக்கால் தசைக்குப் பெரிய பங்கு உண்டு.

5/
இந்த ஆட்டத்தை அளக்கற பலகை இருக்கு. ஏறி நின்னா, பாதத்தோட அழுத்தம் எப்படி நகருதுன்னு பதிவாகும். 2005ல வந்த ஒரு பிரேசில் ஆய்வுல, ஆட்களை அதுல நிக்கவெச்சு சிதைஞ்ச உடல்களோட படங்களைக் காட்டினாங்க. ஆட்டம் குறைஞ்சது, உடம்பு விறைச்சது, இதயத் துடிப்பும் இறங்கிச்சு. பூனையைப் பார்த்த எலி அப்படியே உறைஞ்சு நிக்குமே, அந்தப் பழைய பயம்தான் இது.
ஆக, அசையாம நிக்கறது எப்பவுமே தைரியம் இல்லை.

6/
அண்ணன் கண் முழிச்சதும் என்கிட்ட சொன்னது: "ரத்தம் எனக்குப் புதுசு இல்லை மேடம். தினம் பார்க்கறேன். அவன் விரல்ல ஊசி போனப்ப என் விரல்ல குத்துச்சு."
இது கதை இல்லை. 2004ல லண்டன்ல 16 பெண்களை ஸ்கேன்ல படுக்கவெச்சு, அவங்க கையிலயும் பக்கத்துல இருந்த துணைவர் கையிலயும் மாத்தி மாத்தி ஷாக் கொடுத்தாங்க. துணைவருக்கு வலிக்குதுன்னு தெரிஞ்சாலே, தன் வலியில வேலை செய்யற மூளைப் பகுதிகள்ல சில விழிச்சுக்கிச்சு. வலி எங்கே, எவ்வளவுன்னு உணர்ற பகுதி இல்லை. 'ஐயோ'ன்னு தவிக்கற பகுதி.

7/
அப்புறம் ஏன் விழறோம்? ரத்தம், ஊசி, காயம் பார்க்கறப்ப சிலருக்கு நாடியும் பிரஷரும் முதல்ல ஏறி, பிறகு சட்டுன்னு ரெண்டும் இறங்கிடும். மூளைக்கு ரத்தம் பத்தாது. நின்னுட்டு இருந்தா இன்னும் மோசம், ரத்தம் ஏற்கனவே கீழேதானே இருக்கு. இதுக்கும் மன உறுதிக்கும் சம்பந்தம் இல்லை.

8/
ஆனா அவர் ரெண்டாவதா சொன்னதுதான் எனக்கு உறுத்துச்சு: "ஆம்பளை நான் விழுந்துட்டேன்... பட்டறையில சொல்லிடாதடா."
திருமழிசை ஒத்தாண்டேஸ்வரர் கோயில் தல வரலாறு அந்த ஊர்க்காரங்களுக்குத் தெரியும். தன் வாள் பட்டு லிங்கத்துல ரத்தம் வர்றதைப் பார்த்த கரிகாலன், அந்த வாளாலயே தன் கையை வெட்டிக்கிட்டானாம். ஈசன் கையைத் திருப்பிக் கொடுத்ததால 'கைதந்தபிரான்'னு பேராச்சு. எதிர்ல இருக்கறவர் காயத்தைத் தாங்க முடியாம தவிச்ச அரசனை ஊர் கொண்டாடுது. தம்பி காயத்தைத் தாங்காத அண்ணன் மட்டும் ஏன் வெட்கப்படணும்?

9/
உங்களுக்கு இப்படி ஆனா:
கொட்டாவி, குளிர்ந்த வியர்வை, குமட்டல், காது அடைப்பு, கண் இருட்டல், இதுல எது வந்தாலும் உடனே உட்காருங்க. முடிஞ்சா படுத்துக்கோங்க. 'சமாளிச்சுடுவேன்'னு நிக்காதீங்க.
ஊசின்னாலே மயங்கறவங்க, உட்கார்ந்தபடி கை, தொடை, வயித்துத் தசைகளை 10–15 நொடி இறுக்கி, அரை நிமிஷம் தளர்த்தி, அஞ்சு தடவை செய்யுங்க. 1980கள்ல ஸ்வீடன்ல சோதிச்சுப் பார்த்த முறை. பிரஷர் விழாம தாங்கும்.

10/
பக்கத்துல ஒருத்தர் மயங்கினா தூக்கி நிறுத்தாதீங்க. படுக்கவெச்சு காலை உயர்த்துங்க. முழுசா தெளியற வரைக்கும் வாயில தண்ணி ஊத்தாதீங்க. சில நொடி கை கால் வெட்டினாலும் அது வலிப்பா இருக்கணும்னு இல்லை, சாவிக்கொத்தைத் தேடாதீங்க. ஓடறப்ப, வேலை செய்யறப்ப, நெஞ்சுவலியோட, இல்லை எந்த அறிகுறியும் இல்லாம மயங்கினா, தலையில அடிபட்டா, கண்டிப்பா டாக்டரைப் பாருங்க.

11/
'உங்களுக்கெல்லாம் மனசே மரத்துப்போச்சா'ன்னு எங்களைக் கேப்பாங்க. 2007ல தைவான்ல அக்குபஞ்சர் டாக்டர்களுக்கு ஊசி குத்தற காட்சியைக் காட்டினாங்க. மத்தவங்களுக்கு விழிச்ச அந்தத் தவிப்புப் பகுதி அவங்களுக்கு விழிக்கலை. அதை அடக்கி வைக்கற பகுதிகள் வேலை செஞ்சது. பழக்கம் எங்களை நிக்கவைக்குது. அந்தப் பழக்கம்தான் பக்கத்துல விறைச்சு நின்னவரை என் கண்ணுக்கு மறைச்சுடுச்சு.

12/
இப்ப ஊசியைத் தொடறதுக்கு முன்னாடி ஸ்டூலை இழுத்துப் போடறேன்.
தையல் பிரிக்க ரெண்டு பேரும் சேர்ந்தே வந்தாங்க. "தம்பிக்குப் பிரிக்கறப்ப நான் இருக்கலாமா மேடம்?"ன்னு அண்ணன் தயங்கித் தயங்கிக் கேட்டார்.
"தாராளமா இருங்கண்ணே. உட்கார்ந்துட்டு இருங்க."