சர்வருக்கு ஓர் ஆள் வேண்டும்

13 அக்டோபர் 2025, திங்கள். சேலம்

தீபாவளிக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது. செவ்வாய்ப்பேட்டையில் வண்டி நுழைய வழியில்லை. இந்த நெரிசலிலும் ஒரு மொத்த வியாபாரக் கடைக்காரர் அவசரமாகக் கூப்பிட்டார். நாளையோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் இலவச அப்டேட்டை நிறுத்துகிறது என்று அவர் மகன் சொல்லியிருக்கிறான். "நாளான்னிக்குக் காலையில கம்ப்யூட்டர் ஓடுமுங்களா தம்பி?" என்று கேட்டார்.

ஓடும். பில் போடும், டேலி திறக்கும், பிரிண்டரும் அடிக்கும். அப்படி ஓடுவதால்தான் யாரும் கவலைப்பட மாட்டார்கள். இனி கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அந்தக் கம்ப்யூட்டரில் திறந்தே கிடக்கும். 2017 மே 12 அன்று வானாக்ரை என்ற தீநிரல் உலகம் முழுக்கப் பரவியதே, அது நுழைந்த ஓட்டைக்கு மார்ச் 14 அன்றே அடைப்பு வந்துவிட்டது. இரண்டு மாத காலம் அதைப் போடாமல் இருந்த இடங்களில்தான் அது புகுந்தது. ஆந்திரக் காவல்துறையின் கம்ப்யூட்டர்களும் கேரளத்துப் பஞ்சாயத்து அலுவலகங்களும் அதில் மாட்டின.

கடையில் பார்த்தால் பல மாதமாக அப்டேட்டை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். "பில் போடுற நேரத்துல ரீஸ்டார்ட் கேக்குதுங்க" என்றார் கல்லாவில் இருந்தவர். கடை சாத்தியபின் இரவில் அப்டேட் ஆகும்படி மாற்றினேன். விண்டோஸ் 11 ஏற்காத பழைய கம்ப்யூட்டருக்கு ஓராண்டு நீட்டிப்பில் பதிவுசெய்தேன். 2026 அக்டோபருக்குள் அதை மாற்றியாக வேண்டும் என்று எழுதியும் கொடுத்தேன்.

14 அக்டோபர், செவ்வாய். ராசிபுரம்

ஜவ்வரிசி ஆலை ஒன்றில் புது சர்வர் வாங்கும் பேச்சு. "லினக்ஸ் போட்டுட்டா வைரஸே வராதாமே?" என்றார் முதலாளி. நல்ல கேள்வி, அதில் பாதி உண்மையும் உண்டு. லினக்ஸில் அன்றாட வேலையை நிர்வாகி உரிமையோடு செய்வதில்லை. மென்பொருளும் பெரும்பாலும் கண்ட இடத்திலிருந்து இறங்காது. கையொப்பம் சரிபார்க்கப்பட்ட களஞ்சியத்திலிருந்து வரும். விண்டோஸ் மேசைக் கம்ப்யூட்டர்களைக் குறிவைக்கும் வைரஸ்களில் பெரும்பாலானவை அங்கே ஓடாது.

மீதிப் பாதியையும் சொல்லவேண்டியிருந்தது. 1988 நவம்பரில் இணையத்தையே திணறடித்த மோரிஸ் புழு தாக்கியது யூனிக்ஸ் கணினிகளைத்தான். மேக்குக்கு வைரஸ் வராது என்று நம்பிக்கொண்டிருந்த காலத்தில், 2012-ல் ஃபிளாஷ்பேக் என்ற தீநிரல் சுமார் 6 லட்சம் மேக் கணினிகளில் புகுந்தது. ஜாவாவில் இருந்த ஓட்டை அதற்கு வழிவிட்டது. லினக்ஸுக்கும் ஆயுள் உண்டு. நம் பக்கத்தில் பல சர்வர்களில் இருக்கும் சென்ட்ஓஎஸ் 7-க்கு 2024 ஜூன் 30-ஓடு ஆதரவு முடிந்துவிட்டது.

லினக்ஸ் போடலாம், தாராளமாக. போட்டபின் வாரம் ஒருமுறை அதைத் திறந்து பார்க்கப்போவது யார் என்று கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

15 அக்டோபர், புதன். திருச்செங்கோடு

ரிக் வண்டி ஆபீஸ். வண்டிகள் மத்தியப் பிரதேசத்தில் போர் போட்டுக்கொண்டிருக்கின்றன. எத்தனை அடி இறங்கியது, எவ்வளவு டீசல் போனது என்று அங்கிருந்தே செல்போனில் ஏற்றுகிறார்கள். கணக்கு ஒரு வாடகை லினக்ஸ் சர்வரில் போய் உட்காருகிறது.

அந்தச் சர்வரின் உள்நுழைவுப் பதிவேட்டைத் திறந்து காட்டினேன். வரிக்கு வரி ஒரே செய்தி: பாஸ்வேர்டு தவறு, பாஸ்வேர்டு தவறு. முயன்ற பெயர்கள் ரூட், அட்மின், டெஸ்ட், உபுண்டு, ஆரக்கிள், மறுபடி ரூட். சில நொடிக்கு ஒரு முயற்சி, ஒவ்வொன்றும் வேறு நாட்டு முகவரியிலிருந்து. "நம்மளை யாருங்க தேடறாங்க?" என்றார் மேலாளர். யாரும் தேடவில்லை. இணையத்தில் இருக்கும் எல்லா முகவரியையும் நிரல்கள் தட்டிக்கொண்டே போகின்றன. திருச்செங்கோடா, டோக்கியோவா என்று அவற்றுக்குத் தெரியாது.

பாஸ்வேர்டு வழியை மூடி, சாவிக்கோப்பு இருப்பவர் மட்டுமே நுழையும்படி செய்தேன். திரும்பத் திரும்பத் தட்டும் முகவரிகளைத் தானாகத் தடுக்கும் ஃபெயில்2பேனையும் போட்டேன்.

பேருந்தில் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்டை நினைத்துக்கொண்டே வந்தேன். எக்ஸ்இஸட் என்ற சிறிய சுருக்க மென்பொருளுக்குள், ஜியா டான் என்ற பெயரில் ஈராண்டுக்கு மேல் உழைத்து நம்பிக்கை சம்பாதித்த ஒருவர் பின்வாசல் வைத்துவிட்டார். சர்வருக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்துத் துருவிய ஃபிராயிண்ட், 2024 மார்ச் 29 அன்று அதை அம்பலப்படுத்தினார். பெரிய லினக்ஸ் வெளியீடுகளில் அது பரவலாகச் சேருவதற்குள் பிடிபட்டது. ஒருவர் கவனித்துப் பார்த்தால் எவ்வளவு தடுக்கலாம் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது.

17 அக்டோபர், வெள்ளி. நாமக்கல்

கோழிப்பண்ணையில் கேமரா வேலை. தீவனக் கிடங்கு, முட்டை அறை, கேட் எல்லாவற்றையும் பண்ணைக்காரர் வீட்டிலிருந்தே பார்க்கிறார். ரெக்கார்டர் பெட்டியின் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்தன. அந்தப் பெட்டிக்குள் ஓடுவதும் லினக்ஸ்தான். 2016-ல் மிராய் என்ற தீநிரல் இப்படிப்பட்ட கேமராக்களையும் ரவுட்டர்களையும்தான் கூட்டம் கூட்டமாக அடிமையாக்கியது. அதன் கையில் இருந்தவை சுமார் 60 கம்பெனிப் பாஸ்வேர்டுகளே. அவற்றை வைத்து அமெரிக்காவில் பல பெரிய இணையதளங்களை பல மணி நேரம் முடக்க முடிந்தது.

பண்ணைக்காரரின் மகள் பொறியியல் படிக்கிறாள். "சர்வரை இன்டர்நெட்டோட சேர்க்காமலே விட்டுட்டா போதுமாண்ணா?" என்றாள். கூடங்குளத்தைச் சொன்னேன். அணுமின் நிலையத்தின் நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு இணைந்த கம்ப்யூட்டர் ஒன்றில் தீநிரல் இருப்பது பற்றி 2019 செப்டம்பர் 4 அன்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் தகவல் கொடுத்தது. அதை அக்டோபர் 30 அன்று இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. உலையின் கட்டுப்பாட்டு அமைப்பு தனி வலையில் இருப்பதால் அதற்குப் பாதிப்பில்லை என்றும் கூறியது. பிரித்து வைத்தது பெரிய பாதுகாப்பு. ஆனால் பிரித்த பக்கத்துக்குப் பென்டிரைவ் போகாமல் பார்க்கவும் ஓர் ஆள் வேண்டும்.

18 அக்டோபர், சனி. சங்ககிரி

லாரி புக்கிங் ஆபீஸ் ஒன்று. காலையில் டேலி திறக்கவில்லை என்று போன் வந்தது. போய்ப் பார்த்தால் கோப்புகளின் பெயர்களுக்குப் பின்னால் தெரியாத ஒரு மின்னஞ்சல் முகவரி தொங்குகிறது. பிட்காயினில் பணம் கேட்டு ஒரு குறிப்பு. கணக்கர் வீட்டிலிருந்து வேலை பார்க்க 3389 போர்ட்டை ரவுட்டரில் திறந்து வைத்திருக்கிறார்கள். அந்த ரிமோட் டெஸ்க்டாப் வழியாக நள்ளிரவு தாண்டி யாரோ நுழைந்திருக்கிறார்கள். பேக்கப் ஹார்ட்டிஸ்க் இருந்தது. அதே கம்ப்யூட்டரில் எப்போதும் செருகியே கிடந்ததால் அதுவும் பூட்டப்பட்டுவிட்டது. ஆடிட்டரிடம் அனுப்பிய செப்டம்பர் நகல் மட்டும் மிச்சம்.

வலைக் கம்பியைப் பிடுங்கினேன். பணம் கட்ட வேண்டாம், கட்டினாலும் சாவி வரும் என்ற உறுதியில்லை என்றேன். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் புகார் சொல்ல வைத்தேன். இப்படி நடந்தால் 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022-லிருந்து விதி. அங்கிருந்த யாரும் கேள்விப்பட்டதில்லை.

அந்த ஆபீஸில் ஒவ்வொரு லாரிக்கும் ஒரு நோட்டு உண்டு. ஆயில் மாற்றிய நாள், கிரீஸ் வைத்த நாள், எஃப்.சி. முடியும் நாள் எல்லாம் அதில் இருக்கின்றன. எல்லா லாரிகளின் கணக்கையும் சுமக்கும் சர்வருக்கு ஒரு நோட்டு இல்லை.

19 அக்டோபர், ஞாயிறு. வீடு

இந்த வாரம் பார்த்த எந்த இடத்திலும் பணத்துக்குப் பஞ்சமில்லை. சர்வர் வாங்குகிறார்கள், ஆன்டிவைரஸ் வாங்குகிறார்கள். பார்த்துக்கொள்ள ஆள் வைப்பதில்லை. தனித்தனியாக ஒருவருக்கு மாதச் சம்பளம் கொடுக்கச் சிறிய ஆபீஸ்களால் முடியாது என்பதும் நியாயம்தான்.

சேர்ந்து கொடுக்கலாமே. தனித்தனியே நின்றால் விலை கிடைக்காது என்று ஜவ்வரிசி உற்பத்தியாளர்கள் 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தைக் கட்டிய மாவட்டம் இந்தச் சேலம். லாரி உரிமையாளர்கள், பண்ணையாளர்கள், ரிக் உரிமையாளர்கள் எல்லோருக்கும் சங்கங்கள் உண்டு. இருபது ஆபீஸ்கள் சேர்ந்தால் பயிற்சி பெற்ற ஒருவருக்கு முழுச் சம்பளம் தாராளமாகக் கட்டும். அப்டேட், பதிவேடு, பேக்கப் மூன்றையும் வாரந்தோறும் பார்ப்பது அவர் வேலை.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. 2024 ஜூலை இறுதியில் சி-எட்ஜ் என்ற ஒரே தொழில்நுட்ப நிறுவனத்தை ரேன்சம்வேர் தாக்கியதும், அதை நம்பியிருந்த சுமார் 300 சிறிய வங்கிகளின் பணப் பரிமாற்றச் சேவை நின்றது. ஆகவே ஆள் பொதுவாக இருக்கலாம், சாவி பொதுவாக இருக்கக் கூடாது. ஒவ்வொரு ஆபீஸுக்கும் தனிப் பாஸ்வேர்டு, தனி பேக்கப், அதில் ஒரு நகல் கம்பியிலிருந்து கழற்றி வைத்ததாக இருக்க வேண்டும்.

தீபாவளி முடிந்ததும் சங்ககிரி லாரி உரிமையாளர்களிடம் இதை முதலில் பேசப்போகிறேன். நேற்று பூட்டப்பட்ட அந்த ஆபீஸ்காரரே கூட வந்து பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.